போப் பிரான்சிஸ் மறைந்த வாரம்: வரிசையில் நின்றவர்களும் வாக்குவாதம் செய்தவர்களும்

நாகர்கோவில்

2025 ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள்கிழமை, மதியம் ஒன்றரை மணி வாக்கில் திருத்தந்தை பிரான்சிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது. முந்தின நாள்தான் பால்கனியில் தோன்றி ஆசீர் கொடுத்து, திறந்த வண்டியில் சதுக்கத்தைச் சுற்றி வந்ததை எல்லாரும் டிவியில் பார்த்திருந்தோம், அதனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இதை வதந்தி என்றே தள்ளிவிட்டார்கள். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பைத் திறக்க முடியவில்லை. ஒரு பக்கம் மெழுகுவர்த்திப் படம், இன்னொரு பக்கம் 'கம்யூனிஸ்ட் போப்' என்று வசை. இரண்டு தரப்பும் அவர் எழுதியதில் ஒரு பக்கமாவது படித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். நேரில் பார்த்தவர்கள், அவர் எடுத்த ஏதோ ஒரு முடிவு தங்கள் வாழ்க்கையில் வந்து பட்டவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும். திட்டுவதானாலும் சரி, காரணத்தோடு திட்டுங்கள்.

என் பங்கு இது. 2022 மே 15 அன்று தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நான் ரோமில் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். நட்டாலத்தில் பிறந்து 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர், இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்), எங்கள் மாவட்டத்துக்காரர். அன்று மொத்தம் பத்துப் பேருக்குப் பட்டம். திருத்தந்தை எங்களுக்குத் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். முகத்தைப் பெரிய திரையில்தான் பார்த்தோம். முழங்கால் வலி, அந்த மாதம்தான் சக்கர நாற்காலிக்குப் போயிருந்தார், நொண்டி நொண்டித்தான் நடந்தார். தேவசகாயம் என்ற பெயரை அவர் இத்தாலிய நாக்கில் உடைத்து உடைத்துப் படித்ததும் எங்கள் பக்கம் எழும்பிய சத்தத்தில் முன் வரிசையில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் தங்கள் சார்ல்ஸ் தெ ஃபூக்கோவுக்காக வந்தவர்கள்தான், ஆனால் நம்மைப் போல் கத்தத் தெரியவில்லை.


பலெர்மோ

நான் யாழ்ப்பாணத்து ஆள், இத்தாலிக்கு வந்து கனகாலம். வேதக்காரன் இல்லை, சைவம். ஆனால் பலெர்மோவில் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போகாத தமிழர் வீடு குறைவு, பெல்லெக்ரினோ மலையில் அவள் குகைக்கு நாங்கள் ஏறிப் போகிறபோது யார் சைவம் யார் வேதம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இந்த மனிசனை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் லம்பெதூசா. 2013 மார்ச்சில் பாப்பரசர் ஆனார், ஜூலை 8இல் ரோமை விட்டு முதல் பயணம் எங்கே போனார் என்றால், ஆபிரிக்காவில் இருந்து படகில் வருகிற சனம் செத்துக் கரை ஒதுங்குகிற அந்தச் சின்னத் தீவுக்கு. கடலில் மலர்வளையம் போட்டார், உடைந்த படகு மரத்தில் செய்த பீடத்தில் பூசை வைத்தார். தஞ்சம் கேட்டு வந்த ஆக்களுக்கு இதெல்லாம் என்ன மாதிரிப் படும் என்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2018 செப்டம்பரில் பலெர்மோவுக்கும் வந்தார். மாஃபியா சுட்டுக் கொன்ற புலீசி பாதிரியாரின் 25ஆம் ஆண்டு நினைவு அது. மாஃபியாக்காரன் கடவுளை நம்புகிறவனாக இருக்க ஏலாது என்று எங்கட ஊரிலேயே நின்று சொன்னார், மத்தியானம் வீடில்லாத ஆக்களோடும் அகதிகளோடும் இருந்து சாப்பிட்டார். நான் ரோட்டோரத்தில் நின்று கை காட்டினதோடு சரி.

இந்த முறை மனுசியும் நானும் ரோமுக்குப் போனோம். வரிசை கொன்சிலியாசியோனே வீதி நீளத்துக்கு நின்றது, புதன்கிழமை ராவெல்லாம் பேதுரு பெருங்கோயிலை மூடவே முடியாமல் விடியப்புறம் சுத்தம் செய்வதற்கு மட்டும் கொஞ்ச நேரம் அடைத்தார்களாம். உள்ளே போனால் பெட்டி உயரமான மேடையில் இல்லை, தாழ்வாக, சாதாரண மரப்பெட்டி. முந்தின பாப்பரசர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி வைப்பார்கள்; இவர் 2024இலேயே அந்தச் சடங்கு முறையை மாற்றி எழுதிப்போட்டார். சிவப்பு உடுப்பு, கையில் செபமாலை, காலில் அதே கறுப்புச் சப்பாத்து. எனக்கு முன்னால் போன பெடியன் ஒருவன் போனைத் தூக்கி, செத்த மனிசனோடு தன் முகத்தையும் சேர்த்து எடுத்தான். காவலுக்கு நின்றவர் அதட்டினார், அடுத்தவனும் தூக்கினான். மனுசிக்கு வந்த கோபத்தை இங்கே எழுத ஏலாது.

சனிக்கிழமை சவ ஊர்வலத்துக்கு மெருலானா வீதியில் இடம் பிடித்தோம். கொலோசியத்தைத் தாண்டி அந்த வீதியால்தான் அவரை அடக்கம் செய்கிற சாந்தா மரியா மஜ்ஜோரே கோயிலுக்குப் போக வேணும். பெட்டியைப் பாப்பரசர் வண்டியிலேயே ஏற்றி வந்தார்கள், சனம் முழுக்கக் கைதட்டியது. இத்தாலியில் அதுதான் மரியாதை, இத்தனை வருசத்துக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை. எங்கட ஊரில் பிரேதம் போகிறபோது கைதட்டினால் அடிதான் விழும். எங்களைச் சுற்றி முழுக்கப் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையள், முதுகில் பையோடு. அந்தக் கிழமை இளையோர் யூபிலி விழா, பதினைந்து வயதில் செத்த இத்தாலியப் பெடியன் கார்லோ அக்கூத்திசுக்கு ஞாயிற்றுக்கிழமை புனிதர் பட்டம் என்று முன்பதிவு செய்து வந்த பிள்ளையள், பட்டம் தள்ளிப்போக செத்தவீட்டுக்கு நின்றுவிட்டார்கள். கோயில் படியில் அவரை எதிர்கொள்ள நின்றது ட்ரம்ப்போ மக்ரோனோ இல்லை. அவர்கள் பேதுரு சதுக்கத்தோடு முடிந்தார்கள். படியில் நின்றது வெள்ளை ரோசாப்பூவோடு நாற்பது பேர் அளவில், வீடில்லாதவர்கள், சிறைக்கைதிகள், அகதிகள், திருநங்கைகள்.

சண்டையையும் கேட்டார்களே, அதுவும் இருந்தது. நான் பராமரிக்கிற ஐயா பழைய கம்யூனிஸ்ட், தொண்ணூறு நெருங்குகிறது. ஏப்ரல் 25 இத்தாலியின் விடுதலை நாள், 2025இல் 80ஆம் ஆண்டு. அரசாங்கம் ஐந்து நாள் துக்கம் அறிவித்து, விடுதலை நாளையும் அடக்கமாகக் கொண்டாடுங்கள் என்று சொன்னதும் மனிசனுக்கு விசர். பாசிசத்தை விரட்டின நாளை அமுக்குவதற்கு ஒரு நல்ல பாப்பரசரின் சாவு கிடைத்தது இவர்களுக்கு என்று பேசினார். பிறகு டிவியில் பெட்டி இறங்குவதைப் பார்த்து அழுதார்.


தூத்துக்குடி

எனக்கு வயது எழுபதுக்கு மேல். எல்லாரும் உருகுகிறீர்கள், கொஞ்சம் மாற்றியும் யாராவது பேச வேண்டும் அல்லவா.

1986 பிப்ரவரியில் இரண்டாம் யோவான் பவுல் சென்னைக்கு வந்தபோது கூட்டத்தில் நசுங்கி நின்று பார்த்தவன் நான். அவர் பரங்கிமலைக்குப் போன அன்று சென்னையே எங்கள் ஊர்த் திருவிழா மாதிரி இருந்தது. போப்பாண்டவர் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த முகம்தான். அவர் ஒன்று சொன்னால் அது என்ன என்று தெரியும், ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிரான்சிஸிடம் எனக்கு இருந்த குறை அதுதான். 2023 டிசம்பரில் ஓரினத் தம்பதிகளுக்குக் குருக்கள் ஆசீர் கொடுக்கலாம் என்று ஒரு ஆவணம் வந்தது, இரண்டு வாரத்தில் அதற்கு ஒரு விளக்கம் வந்தது, பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடிக்க வேண்டிய ஆசீர் என்றார்கள், ஆப்பிரிக்க ஆயர்கள் எங்கள் நாட்டில் நடக்காது என்று சொன்னபோது அதற்கும் சரி என்றார்கள். ஒரு வீட்டில் அப்பா சொன்னதை மறுநாள் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல ஆள் வைத்தால் அந்த வீடு என்ன ஆகும்?

லத்தீன் பூசைக்கு அவர் 2021இல் கட்டுப்பாடு போட்டது பற்றி அமெரிக்காக்காரர்கள் அடித்துக்கொள்வதில் எனக்கு அக்கறை இல்லை. சின்ன வயதில் பீடச் சிறுவனாக லத்தீனில் பதில் சொன்னவன்தான், ஒரு வரி அர்த்தம் தெரியாது. தமிழில் வந்தது நல்லதுக்கே.

ஒன்று மட்டும் அவருக்கு விட்டுக்கொடுக்கிறேன். அவர் போய்ப் படுத்த இடம். மஜ்ஜோரே பெருங்கோவில் வேறு எதுவும் இல்லை, எங்கள் பனிமய மாதாவின் கதையில் வருகிற கோவிலேதான், ஆகஸ்டில் பனி பெய்து மாதா இடம் காட்டினாள் என்பார்களே, அந்த இடம். ஆகஸ்ட் 5 இங்கே எங்களுக்குத் திருவிழா, அதே நாளில் அங்கே உள்கூரையிலிருந்து வெள்ளை இதழ்களைக் கொட்டுவார்கள். ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னும் பின்னும் அந்த மாதாவிடம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவர் அவர். வத்திக்கானுக்கு வெளியே ஒரு போப்பாண்டவர் அடக்கமானது 13ஆம் லியோவுக்குப் பிறகு இப்போதுதான். கல்லறையில் பெயர் மட்டும், பட்டம் கிடையாது, எண் கிடையாது. எங்கள் தெருப் பெண்கள் அந்தச் சனிக்கிழமை பனிமய மாதா கோவிலில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள், நானும் போனேன்.


மன்னார்

2015 ஜனவரி 14, தைப்பொங்கலுக்கு முதல் நாள். காலையில் கொழும்பு காலிமுகத்திடலில் யோசவ்வாஸ் அடிகளுக்குப் புனிதர் பட்டம், பின்னேரம் பாப்பரசர் ஹெலிகொப்டரில் மடு மாதா கோயிலுக்கு வந்தார். தேர்தல் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, மகிந்த தோற்றுப் போயிருந்தார், சனத்திடம் ஒரு நம்பிக்கை இருந்தது. மடு வளவுக்குள் நாங்கள் முதல் நாளே போய்க் காட்டுக்குள் பாய் விரித்துப் படுத்தோம். சிங்களச் சனமும் பக்கத்தில்தான் படுத்தது, சமைத்ததை மாறிக் கொடுத்தோம்.

மடு எங்களுக்கு வெறும் கோயில் இல்லை. போர்க்காலம் முழுக்க அகதி முகாம் அது. 1999 நவம்பரில் அடைக்கலம் என்று வந்து கோயிலுக்குள் இருந்த சனத்தின் மேல் செல் விழுந்து நாற்பது பேர் அளவில் செத்தார்கள். 2008இல் சண்டை நெருங்கினபோது மாதாவையே தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த மாதாவைப் பாப்பரசர் கையில் ஏந்தி எங்களை ஆசீர்வதித்தபோது அம்மா சத்தம் போட்டு அழுதா. என் அண்ணா காணாமல் போனவர்.

இப்போது குறையையும் சொல்கிறேன். மெய் வெளிவர வேணும் என்று கொழும்பில் வந்திறங்கின உடனேயே பேசினார், உண்மைதான். மடுவிலும் போரால் நொந்த குடும்பங்கள் என்று சொன்னார். ஆனால் எங்கட ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011இல் அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால், கடைசிப் போரில் கணக்கில் வராமல் போன 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று எண்ணிக்கை வைத்துக் கேட்டவர். அந்த மாதிரி ஒரு கேள்வியைப் பாப்பரசர் வாயால் கேட்க வேணும் என்று நாங்கள் காத்திருந்தோம், அது வரவில்லை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு அவர் கேட்டார். 2022இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களை வத்திக்கானில் சந்தித்து, பின்னால் இருந்தது யார் என்று வெளியில் சொல்லுங்கள் என்று நேரே அரசாங்கத்தைப் பார்த்துச் சொன்னார். கேட்டது சரி, அதில் எனக்கு எரிச்சல் இல்லை. அதே குரலில் எங்களுக்கும் கேட்டிருக்கலாம். அவர் செத்ததும் அந்த ஏப்ரல் 21இலேயே. கொச்சிக்கடையில் காலையில் ஆறாம் ஆண்டு நினைவு, மத்தியானம் இந்தச் செய்தி. எங்கட பங்குக் கோயிலில் துக்க மணி அடித்தபோது எதற்கு அடிக்கிறார்கள் என்று சனம் ஒருவரை ஒருவர் கேட்டது.


திண்டுக்கல்

நான் ஒரு கன்னியர் மடத்தில் இருக்கிறேன், பள்ளியில் பாடம் எடுக்கிறேன். சுருக்கமாகவே எழுதுகிறேன், விடைத்தாள் காத்திருக்கிறது.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் ஆண்கள்தான் உட்காருவார்கள், அதுதான் சட்டமாக இருந்தது. 2013இல் பதவிக்கு வந்த சில நாளிலேயே இவர் இளங்கைதிகள் சிறையில் போய்ப் பெண்களுக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் கழுவினார். 2016இல் சட்டத்தையே மாற்றினார். நான் அப்போது இருந்த பங்கில் இதைப் படித்துக் காட்டிப் பெண்களையும் உட்கார வைக்கலாமே ஃபாதர் என்று கேட்டேன், நம்ம ஊருக்கு ஒத்துவராது சிஸ்டர் என்று பதில் வந்தது. அடுத்த பங்கில் ஒரு வார்த்தை பேசாமல் ஒத்துக்கொண்டார்கள். ரோமில் மாறுகிற ஒரு சட்டம் நம் பீடம் வரை வந்து சேர்வது அந்தந்தப் பங்குச் சாமியாரைப் பொறுத்தது, வேறொன்றும் இல்லை.

பெண்களுக்கு என்ன செய்தார் என்று என் மாணவிகள் கேட்டார்கள். 2023 ஆயர் மாமன்றத்தில் முதல்முறையாகப் பெண்கள் வாக்களித்தார்கள். 2025 ஜனவரியில் சிமோனா பிரம்பில்லா என்ற சகோதரியை ஒரு வத்திக்கான் பேராயத்துக்கே தலைவராக்கினார், நாங்கள் மடத்தில் கேக் வெட்டினோம். பெண் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணி) விஷயத்தில் 2016இல் ஒரு கமிஷன், 2020இல் இன்னொரு கமிஷன். கமிஷன் போட்டால் என்ன அர்த்தம் என்று அரசு அலுவலகப் படி ஏறிய எல்லாருக்கும் தெரியும். 2024இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் நேராகவே இல்லை என்று சொல்லிவிட்டார். அழுதேன், மறைக்கவில்லை. அவர் இறந்த அன்றும் அழுதேன். இரண்டும் என்னிடமிருந்து வந்ததுதான்.


சென்னை

யாருமே தொடாத விஷயத்தைத் தொடுகிறேன். நான் வழக்கறிஞர், குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளும் பார்ப்பதுண்டு.

2018 ஜனவரியில் சிலி நாட்டுக்குப் போன இடத்தில், ஒரு ஆயர் மீதான குற்றச்சாட்டை அவதூறு என்று பாதிக்கப்பட்டவர்கள் காதில் விழும்படி சொன்னவர் இதே பிரான்சிஸ்தான். பிறகு விசாரணைக்கு ஆள் அனுப்பினார், அறிக்கையைப் படித்தார், தவறிவிட்டேன் என்று கடிதம் எழுதினார், புகார் சொன்ன மூன்று பேரையும் தன் வீட்டுக்கே அழைத்து உட்காரவைத்துப் பேசினார், மே மாதம் சிலி ஆயர்கள் அத்தனை பேரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். முன்பு எந்தப் போப்பும் இவ்வளவு தூரம் வந்ததில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரூப்னிக் என்ற ஓவியப் பாதிரியார் வழக்கு? பல சகோதரிகள் புகார் சொல்லி, சபையே அவரை வெளியேற்றி, ஊர் முழுக்கச் சத்தம் வந்த பிறகுதான் 2023 அக்டோபரில் காலாவதித் தடையை நீக்கினார்.

2019இல் அவர் போட்ட சட்டம் ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் (ஒரு ஆயரின் கீழ் வரும் பகுதி) புகார் கொடுக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறது, ஒரு வருடம் கெடு வைத்து. என்னிடம் வந்த ஒரு தாய்க்காக ஒரு மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, யாரிடம் புகார் கொடுப்பது என்று கேட்டேன். எடுத்தவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. போக்சோவில் போலீஸுக்குப் போவது எப்படியும் கட்டாயம், அதைச் செய்தோம். திண்டுக்கல் சிஸ்டர் எழுதியதையே நானும் வேறு வாசல் வழியாகப் பார்த்தேன்.


பலெர்மோ

ஒரு விசயம் விட்டுப்போச்சு. என்னோடு வேலை செய்கிற பெண் புவனோஸ் ஐரஸ்காரி. அவவின் தகப்பன் சான் லொரன்சோ காற்பந்துக் கழகத்து வெறியர். பாப்பரசரும் அதே கழகம், உறுப்பினர் எண் 88235. செத்தது 88 வயதில், அர்ஜென்டினா நேரப்படி விடியப்புறம் 2:35க்கு. அந்தச் சனம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறதாம்.

ஆனால் அவவுக்கு அவர் மேல் தீராத கோபம். பன்னிரண்டு வருசத்தில் ஒருக்காகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. சர்வாதிகாரக் காலத்து ஞாபகம் வேறு. 1976இல் யோரியோ, யாலிக்ஸ் என்ற இரண்டு சேசுசபைக் குருக்களை இராணுவம் பிடித்து ஐந்து மாதம் அடைத்து வைத்தது, சபைத் தலைவராக இருந்த இவர் அவர்களைக் காப்பாற்றினாரா கைவிட்டாரா என்று இன்றைக்கும் அங்கே சண்டை. யாலிக்ஸ் 2013இல் எங்களைக் காட்டிக்கொடுத்தது அவர் இல்லை என்று சொன்னார். யோரியோ 2000இல் செத்துப்போனார், கடைசி வரைக்கும் மனம் மாறவில்லை. டிவியில் பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையை மீறிப் போய் நின்று அழுத அந்தக் குள்ளமான கிழட்டுச் சகோதரி, ஜெனிவியேவ், அவவின் சித்தியும் ஒரு கன்னியர்தான், 1977இல் அதே இராணுவம் பிடித்து விமானத்தில் இருந்து கடலில் எறிந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்ணே அழுகிறாவே என்று நான் கேட்டேன். அது அவவின் கணக்கு, என்னுடையது வேறு என்றாள்.


விழுப்புரம் பக்கம்

எல்லாவற்றையும் படித்தேன். நான் தலித் கத்தோலிக்கன், எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் இரண்டு. சப்பரம் எங்கள் தெரு முனை வரை வரும், திரும்பிவிடும். இவ்வளவு சொன்னால் போதும், மீதி உங்களுக்கே தெரியும்.

தேவசகாயம் பெயரோடு இருந்த பிள்ளை என்ற சாதி ஒட்டை, புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்பே ரோம் எடுத்துவிட்டது, பலர் எழுதிக் கேட்டதால். அந்தச் செய்தி வந்த நாள் என் அப்பா பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினார். 2022இல் ஹைதராபாத் பேராயர் பூலா அந்தோணி கர்தினால் ஆனார், தலித் சமூகத்திலிருந்து முதல் ஆள். இந்த இரண்டுக்கும் பிரான்சிஸுக்கு நன்றி, மனசாரச் சொல்கிறேன். அகதிக்கும் கைதிக்கும் இவ்வளவு பேசியவர் இந்தியாவுக்கு வரவேயில்லை, அதற்கு அரசியலும் காரணம், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி ஐயாவுக்கு ஒன்று. உங்கள் யோவான் பவுல் 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களை முன்னால் வைத்துக்கொண்டு சாதிப் பாகுபாடு ஆகாது என்று தெளிவாகவே பேசினார். நீங்கள் சொல்கிற மாதிரி குழப்பமே இல்லாத பேச்சு. எங்கள் கல்லறை அப்போதும் இரண்டு, இப்போதும் இரண்டு.


தூத்துக்குடி

தம்பி, அந்தப் பேச்சு எனக்கும் தெரியும், பங்குப் பத்திரிகையில் வந்தது. நான் சொல்வதும் அதேதான், போப்பாண்டவர் பேச்சை ஆயர்கள் கேட்பதில்லை. யார் வந்தாலும் இதுதான் நடக்கும். அதற்கு அவரைக் குறை சொல்லி என்ன பயன்.


விழுப்புரம் பக்கம்

ஆயர்களை நியமிப்பதே ரோம்தானே ஐயா. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் எங்கள் ஆட்கள் எவ்வளவு, ஆயர்களில் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். 2025 மே 7 கான்கிளேவ், அதாவது அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் கூட்டம், உள்ளே போன 133 பேரில் 108 பேர் பிரான்சிஸ் போட்ட கர்தினால்கள், பூலா அதில் ஒருவர், அதனால் நானும் டிவி பார்த்தேன். ஆனால் புதிய போப் தேர்வாகி வெள்ளைப் புகை வந்த அன்றைக்கு நான் பட்டாசு வாங்கவில்லை. இங்கே அடுத்து காலியாகிற மறைமாவட்டத்துக்கு யார் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.